எல்.டி.வி. கைப்பட்டை யாருடையது? தேட நாலு வழி, எதில் இறங்குவது

போன மாதம் அடுத்தடுத்து மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் லண்டன் குராய்டனில் பழைய வீடு வாங்கியவர். பரணைச் சுத்தம் செய்யும்போது துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்று கிடைத்ததாம், அதற்குள் காக்கித் துணியில் ஒரு கைப்பட்டை, மேலே கறுப்பு எழுத்தில் எல்.டி.வி. என்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் எழுந்த உள்ளூர்த் தொண்டர் படையின் சுருக்கப் பெயர் அது. இன்னொருவர் கென்ட்டில் இருக்கிறார், கார் பூட் சேல் எனும் பழைய சாமான் சந்தையில் பத்துப் பவுண்டுக்கு வாங்கினாராம், உள்பக்கம் மங்கலாக ஒரு பெயர் தெரிகிறதாம். மூன்றாமவர் கோயம்புத்தூர்க்காரர், பழைய பதக்கங்களும் படைச் சின்னங்களும் சேர்ப்பவர், இணைய ஏலத்தில் எடுத்த பட்டை, பெயரும் இல்லை ஊரும் இல்லை. மூவருக்கும் ஆசை ஒன்றுதான்: 1940-இல் இதைக் கையில் மாட்டிக்கொண்டு ராத்திரி காவல் நின்ற ஆள் யார்?

லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவதா, வீட்டு முகவரியைப் பிடித்துக்கொண்டு போவதா, உள்ளூர்ப் பத்திரிகைகளைப் புரட்டுவதா, இல்லை பணம் கொடுத்து ஒரு ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைத்துவிடுவதா என்று மூவரும் விழித்துக்கொண்டு நிற்கிறார்கள். நானும் இதே இடத்தில் நின்றவன்தான். என்னிடம் இருக்கும் பட்டைக்கு உரியவரைத் தேடப்போய், வரிசையை மாற்றிச் செய்ததால் ஐந்து மாதமும் கொஞ்சம் பணமும் வீணாயின. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

## முதலில், இது எந்தப் படை

எல்.டி.வி.தான் பிறகு ஹோம் கார்டு என்று பெயர் மாறியது. ஹோம் கார்டு என்றதும் திருவிழாக் கூட்டத்தில் நிற்கும் நம் ஊர்க்காவல் படைதான் நினைவுக்கு வரும். அது வேறு. இது பிரிட்டனில் 1940-இல் அவசர அவசரமாக எழுந்த படை. ஜெர்மானியர்கள் நெதர்லாந்து, பெல்ஜியத்துக்குள் புகுந்து பாராசூட்டில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த சமயம். மே 14-ஆம் தேதி இரவு, போர்த்துறை அமைச்சர் ஆண்டனி ஈடன் பி.பி.சி. வானொலியில் வந்து, 17 வயதிலிருந்து 65 வரை உள்ள ஆண்கள் உள்ளூர்ப் பாதுகாப்புக்குத் தொண்டர்களாக வாருங்கள், பக்கத்துக் காவல் நிலையத்தில் பெயர் கொடுங்கள் என்றார். ஒரு வாரத்தில் இரண்டரை லட்சம் பேர் வந்து நின்றார்கள். லோக்கல் டிஃபென்ஸ் வாலண்டியர்ஸ், சுருக்கமாக எல்.டி.வி.

துப்பாக்கியும் இல்லை, சீருடையும் இல்லை. முதலில் கிடைத்தது இந்தக் கைப்பட்டைதான். வெறும் அடையாளத்துக்கு மட்டும் கொடுத்ததல்ல இது. 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளின்படி, தூரத்திலிருந்தே தெரியும் நிலையான சின்னம் ஒன்றை அணிந்திருந்தால்தான் தொண்டர் படைக்காரனைச் சிப்பாயாக மதிக்க வேண்டும். அந்தச் சின்னம் இல்லாமல் சிக்கினால் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று எதிரி சொல்வான். அந்தத் துணித் துண்டு அவ்வளவு கனமானது.

நம் தேடலுக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எல்.டி.வி. என்ற பெயர் சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே பத்து லட்சம் பட்டைகளில் எல்.டி.வி. என்று அச்சடித்தாயிற்று, மறுபடி அடித்தால் செலவு என்று ஈடன் தரப்பு முணுமுணுத்தும் கேட்கவில்லை, ஜூலை பிற்பகுதியில் பெயர் ஹோம் கார்டு என்று மாறிவிட்டது. ஆக எல்.டி.வி. என்ற எழுத்துக்கு ஆயுள் சுமார் பத்து வாரம். உங்கள் பட்டையில் அந்த மூன்று எழுத்து இருந்தால், அதைக் கட்டியவர் 1940 மே நடுவிலிருந்து கோடைக்குள் சேர்ந்தவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஹோம் கார்டு என்று இருந்தால் அப்படி இறுக்கிப் பிடிக்க முடியாது, 1944 டிசம்பர் 3-இல் படையை நிறுத்தும் வரை எப்போது வேண்டுமானாலும் சேர்ந்திருக்கலாம்.

பத்து லட்சம் என்ற எண்ணையும் மனத்தில் வையுங்கள். இவை பெயர் எழுதி, எண் போட்டு ஆளுக்கு ஆள் பதிவுசெய்து கொடுத்தவை அல்ல, மூட்டையாக வந்து கைக்குக் கை போனவை. "இந்தப் பட்டை இன்னாருக்கு" என்று எந்த அலுவலகத்திலும் பேரேடு கிடையாது. முதல் நாள் எனக்கு இது தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

நாலு வழிகளையும் பார்ப்பதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதலாவது, கையில் என்ன இருக்கிறது: பெயரா, ஊரா, ரெண்டுமா, ஒன்றுமே இல்லையா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டாலே எந்த வழி என்பது முக்கால்வாசி முடிவாகிவிடும்.

இரண்டாவது, நீங்கள் யோசிக்கும் வழி பெயரைக் கண்டுபிடித்துக் கொடுக்குமா, அல்லது நீங்கள் கொண்டுபோகும் பெயரைச் சரிபார்த்துத் தருமா? ரெண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். நான் சறுக்கியதும் இங்கேதான்.

மூன்றாவது பணம். சொல்லும் கட்டணம் ஒன்று, வழியில் சேரும் சில்லறைச் செலவு இன்னொன்று. நாலாவது காத்திருப்பு. ஐந்தாவது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது. கியூவுக்கு டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறிப் போகக்கூடியவருக்கும் காந்திபுரத்தில் இருப்பவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

## வழி 1: பட்டையையே துருவிப் பார்ப்பது

இதை வழி என்று சொல்வதைவிட வாசல்படி என்று சொல்லலாம், தாண்டாமல் உள்ளே போக முடியாது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஒரு மாலை நேரம் போதும்.

முதல் வேலை, துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். வெள்ளைத் துணியின் மேல் விரித்து, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் உள்பக்கம், மடிப்பு, தையல் ஓரம் எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுங்கள். படத்தில் கான்ட்ராஸ்டை ஏற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத மசி எழுந்து வரும். என் பட்டையில் அப்படித்தான் ஓர் இனிஷியலும் குடும்பப் பெயரின் முதல் நாலு எழுத்தும் வந்தன. டபிள்யூ. என்ற அந்த இனிஷியலின் கடைசிக் கோடு மட்டும் எலி வால் மாதிரி கீழே நீண்டு சுருண்டிருந்தது. அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

அடுத்து, அரசு முத்திரை இருக்கிறதா பாருங்கள். அகலமான அம்புக்குறி, தயாரித்தவர் பெயர், ஆண்டு என்று ஏதாவது இருக்கலாம். இல்லாவிட்டால் போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆரம்ப வாரங்களில் உள்ளூரிலேயே துணி கிழித்து, ஸ்டென்சில் வைத்து எழுத்துப் போட்ட பட்டைகளும் நிறைய.

போலி என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன், இந்தப் பட்டை புதிதாகச் செய்வதற்கு மிகச் சுலபம். காக்கித் துணியும் ஸ்டென்சிலும் இருந்தால் போதும். போர்க்கால வேஷம் போடுபவர்களுக்காகச் செய்த நகல்கள் ஏராளம், அதில் சில ஒரு தலைமுறைப் பழசாகி அசல் மாதிரியே நிற்கின்றன. புற ஊதா விளக்கு ஒன்று வாங்கி இருட்டில் அடித்துப் பாருங்கள், தையல் நூல் நீல வெள்ளையாக ஜொலித்தால் சந்தேகப்படுங்கள், போருக்குப் பிந்தைய நூலாக இருக்கலாம். துணி முழுக்க ஜொலித்தால் உடனே பதற வேண்டாம், பின்னாளில் யாராவது சலவைத் தூள் போட்டுத் துவைத்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். நூலையும் துணியையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் சூட்சுமம்.

இன்னொன்று, பெயர் எழுதிய பட்டைக்கு விலை கூடும் என்பது விற்பவர்களுக்கும் தெரியும். மசி தையலின் மேலேயே ஓடியிருக்கிறதா, தேய்ந்த இடத்தில் மசியும் சேர்ந்து தேய்ந்திருக்கிறதா, அல்லது தேய்மானத்தின் மேல் புதிதாக உட்கார்ந்திருக்கிறதா? பெயரே பின்னாளில் சேர்த்ததாக இருந்தால் அடுத்து நாம் செய்யும் எல்லாமே காற்றில் கட்டும் கோட்டை.

பட்டையோடு டப்பாவும் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். டப்பாவில் இருக்கும் எதையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள். படை நிறுத்தப்பட்டபோது மன்னர் ஆறாம் ஜார்ஜ் கையொப்பம் அச்சிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள், அதில் ஆளின் பெயர் இருக்கும். டிஃபென்ஸ் மெடல் இருந்தால் பெயர் தேடிப் பயனில்லை, பிரிட்டனில் அதைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். ஆனால் ஹோம் கார்டில் மூன்று வருடம் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பதக்கம் என்பதால் ஒரு துப்பு கிடைக்கும். எல்லாவற்றையும்விட நல்லது போர்க்கால அடையாள அட்டை. அதில் உள்ள எழுத்தும் எண்ணும், வீடு வீடாகப் போய் எடுத்த 1939 பதிவேட்டின் (வழி 3-இல் வரும்) பகுதிக் குறியீட்டோடு நேராகப் பொருந்தும், அதை வைத்து வீட்டையே போய்த் தட்டலாம்.

## வழி 2: கியூவில் சேர்க்கைப் படிவம்

எல்லோரும் முதலில் ஓடுவது இங்கேதான். ஹோம் கார்டில் சேர்ந்தவர்களின் சேர்க்கைப் படிவங்கள் வெகுகாலம் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்தன. 2022 முதல் அமைச்சகத்தின் படைவீரர் ஆவணங்கள் கூட்டமாகத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறத் தொடங்கின. டர்ஹாம் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) படிவங்கள் அதற்கு முன்பே எண்மயமாகிவிட்டன, உங்கள் ஆள் அந்தப் பக்கம் என்றால் வீட்டில் உட்கார்ந்தபடியே இறக்கிக்கொள்ளலாம்.

படிவம் கையில் கிடைத்தால் தங்கம். முழுப் பெயர், முகவரி, பிறந்த தேதி, முன்பு படையில் இருந்தாரா என்ற விவரம், சேர்ந்த தேதி, எல்லாவற்றுக்கும் மேலாக அவரே போட்ட கையெழுத்து. பட்டையையும் ஆளையும் முடிச்சுப் போட இதைவிட உறுதியான காகிதம் கிடையாது.

ஆனால் இந்த வழி பெயரைக் கண்டுபிடித்துத் தராது, நீங்கள் கொண்டுபோகும் பெயரைச் சரிபார்க்கத்தான் உதவும். "குராய்டனில் இருந்த எல்.டி.வி.க்காரர் யார்" என்று கேட்டால் பதில் வராது. பெயர் வேண்டும், அதுவும் சாதாரணக் குடும்பப் பெயராக இருந்தால் பிறந்த தேதியும் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பெயரில் டஜன் கணக்கில் ஆட்கள் வந்து நிற்பார்கள். 1940 ஜூன் முடிவதற்குள்ளேயே பத்து லட்சத்தைத் தாண்டிய படை இது.

மறைந்திருக்கும் செலவு அடுத்தது. பிறந்து 115 வருடம் ஆகாதவர்களின் ஆவணத்தை, அவர் இறந்ததற்குச் சான்று காட்டாமல் பொதுவில் திறப்பதில்லை. 1940-இல் 17 வயதில் சேர்ந்த பையன் 1923-இல் பிறந்தவன், அவனுடைய படிவம் தானாகத் திறக்க 2038 ஆகும். அதற்குள் வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும், அதற்கே பத்துப் பவுண்டுக்கு மேல். சான்றிதழ் வாங்க எந்த ஊரில் எந்த ஆண்டு இறந்தார் என்று தெரிய வேண்டும், அதற்கு இன்னொரு தேடல். வயதானவர்கள் விஷயத்தில் இந்தத் தொல்லை இல்லை. எல்.டி.வி.யில் முதல் உலகப் போர் பார்த்த ஆட்கள் நிறைய, 1880-களில் 90-களில் பிறந்தவர்கள், அவர்கள் கோப்புக்கு இந்தப் பூட்டு கிடையாது.

நான் செய்த தப்பு இதுதான். டபிள்யூ. இனிஷியலும் நாலு எழுத்தும் வைத்து, பட்டை வாங்கிய ஊரிலேயே பொருந்தும் ஒருவரைப் பிடித்துவிட்டேன். 1912-இல் பிறந்தவர், ரயில்வே குமாஸ்தா. அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுவிட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. இறப்புச் சான்றிதழ் வாங்கி, விண்ணப்பம் போட்டு, காத்திருந்து, படிவம் வந்தது. சேர்ந்த தேதி 1942. அதாவது ஹோம் கார்டில் கட்டாயமாகவும் ஆள் சேர்க்கத் தொடங்கிய பிறகு. எல்.டி.வி. என்ற பெயர் செத்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்த நேரம். அவருடைய பட்டை இல்லை இது.

ஆகவே கையில் முழுப் பெயர், பிறந்த தேதி, ஊர் மூன்றும் இருந்தால் முதலில் கியூவுக்குப் போங்கள். இல்லையென்றால் கடைசியில் போங்கள். நேரில் போக முடிந்தால் நல்லது, வாசகர் அட்டை இலவசம், நம் கேமராவில் படமெடுக்கவும் காசில்லை. தபாலில் நகல் கேட்டால் கட்டணம் உண்டு, அது அவ்வப்போது மாறும், கேட்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொசுறாக ஒன்று. பணியில் இறந்த ஹோம் கார்டுகள் 1,206 பேர். பட்டையில் தெளிவான பெயர் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாக ஒருமுறை தேடிவிடுங்கள், ரெண்டு நிமிட வேலை.

## வழி 3: முகவரியும் 1939 பதிவேடும்

எனக்குப் பிடித்த வழி இது, பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்.

பிரிட்டனில் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இங்கிலாந்து வேல்ஸ் பகுதி மொத்தமும், 1942 டிசம்பரில் தீயில் போய்விட்டது. 1941-இல் போர் என்பதால் எடுக்கவே இல்லை. வாக்காளர் பட்டியலாவது பார்க்கலாம் என்றால் 1940 முதல் 1944 வரை அதுவும் தயாரிக்கவில்லை. இந்தப் பெரிய ஓட்டையின் நடுவே நிற்கும் ஒரே தூண் 1939 பதிவேடு. செப்டம்பர் 29-ஆம் தேதி, அடையாள அட்டையும் ரேஷனும் கொடுப்பதற்காக வீடு வீடாக எடுத்தது. பெயர், பிறந்த தேதி, தொழில், முகவரி.

எல்.டி.வி. ஆட்களுக்கு இது ரொம்பவே தோது. பதிவேட்டில் அப்போது படையில் இருந்தவர்கள் விடுபட்டிருப்பார்கள். எல்.டி.வி.க்காரர்களோ படைக்குப் போகாமல் ஊரிலேயே இருந்த ஆட்கள், அதனால் பெரும்பாலும் உள்ளே இருப்பார்கள். முகவரியை வைத்தே தேடலாம். பட்டை பரணில் கிடைத்தவர், தன் வீட்டு எண்ணைப் போட்டால் 1939-இல் அங்கே சோறு சாப்பிட்ட ஆட்கள் வரிசையாக வந்துவிடுவார்கள். கியூ கேட்கும் பிறந்த தேதி இங்கே கிடைக்கும் என்பதுதான் பெரிய லாபம்.

செலவு? குடும்ப வரலாறு தேடும் இணையதளங்களான ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி இரண்டிலும் இருக்கிறது, சந்தா கட்ட வேண்டும். ஆனால் பல பொது நூலகங்களில் ஆன்செஸ்ட்ரி இலவசம், கியூவிலும் இலவசம். சோதனைச் சந்தா எடுத்துவிட்டு ரத்து செய்ய மறந்து வருடக் கட்டணம் அழுதவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன்.

குறைகளும் உண்டு. பிறந்து நூறு வருடம் ஆகாதவர்களின் வரி, இறந்தது பதிவாகியிருந்தாலொழிய, கறுப்புப் பட்டை போட்டு மூடியிருக்கும். ஸ்காட்லாந்துப் பதிவேடு இந்தத் தளங்களில் இல்லை, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில பெயர்களின் ஓரத்தில் விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணி, அதாவது ஏ.ஆர்.பி. என்று குறிப்பு இருக்கும், அதைப் பார்த்து எல்.டி.வி. என்று துள்ளாதீர்கள். பதிவேடு எடுத்து ஏழு மாதத்துக்குப் பிறகுதான் எல்.டி.வி.யே பிறந்தது. (சென்னையிலும் போர்க்காலத்தில் ஏ.ஆர்.பி. வார்டன்கள் இருந்தார்கள். தாத்தா டிரங்குப் பெட்டியில் ஏ.ஆர்.பி. என்று பட்டை இருந்தால் இந்தக் கட்டுரை உதவாது, அது வேறு கதை.)

பெரிய ஆபத்து இன்னொன்று: வீட்டையும் பட்டையையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பது. பரணில் இருந்த டப்பா 1970-களில் குடிவந்தவர் சந்தையில் வாங்கி வைத்ததாகவும் இருக்கலாம். கார் பூட் சேல் பட்டை என்றால் சொல்லவே வேண்டாம், விற்றவர் எங்கே வாங்கினார் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

என் கதையின் மீதி இங்கேதான். குமாஸ்தா தப்பு என்று ஆனதும் சோர்ந்துபோய் பதிவேட்டில் அவருடைய வீட்டை மறுபடி திறந்தேன். முதல்முறை என் கண் அந்தக் குமாஸ்தாவின், அதாவது மகனின், வரியிலேயே நின்றுவிட்டது. மேலே ஒரு வரி தள்ளி அப்பா. அதே குடும்பப் பெயர், அதே டபிள்யூ., பிறந்தது 1883. அப்பாவின் பெயரையே மகனுக்கும் வைப்பது அவர்கள் பக்கம் சர்வ சாதாரணம், நம் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போல. 57 வயது ஆளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. 65 வரை சேரலாம் என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தும்!

ஊர் தெரிந்தவர்கள், வீட்டில் கிடைத்தவர்கள், அரைகுறைப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் இதில் தொடங்குங்கள்.

## வழி 4: உள்ளூர்ப் பத்திரிகை, கவுண்டி ஆவணக் காப்பகம், வரலாற்றுச் சங்கம்

பெயரே இல்லாமல் ஊர் மட்டும் தெரிந்தவர்களுக்கு இதுதான். நிச்சயம் குறைவு, சுவாரஸ்யம் அதிகம். படை நிறுத்தப்பட்ட 1944 டிசம்பர் வாரங்களின் உள்ளூர்ப் பத்திரிகைகளைப் பாருங்கள், அணிவகுப்புச் செய்தியும் குழுப் படமும் இருந்தால் கீழே பெயர்கள் இருக்கலாம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் சந்தா கட்டித் தேடலாம், அங்கே ஏறாத பத்திரிகைகள் ஊர் நூலகத்தில் மைக்ரோஃபிலிமில் இருக்கும். கவுண்டி காப்பகத்தில் சில பட்டாலியன்களின் பெயர்ப்பட்டியல், பரேடு புத்தகம் போன்றவை சேர்ந்திருக்கின்றன, எல்லா ஊருக்கும் இல்லை.

அதிகாரிகளுக்குத் தனியாக அச்சிட்ட பட்டியல் உண்டு. ஆனால் ஹோம் கார்டில் முறையான அதிகாரிப் பதவியே 1941 பிப்ரவரியில்தான் வந்தது. சாதாரணத் தொண்டர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்.

சிக்க வைக்கும் விஷயம்: ஒருவர் குடியிருந்த ஊரின் படையில்தான் இருந்தார் என்று சொல்ல முடியாது. ரயில்வே, தபால்துறை, பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் தங்களுக்கென்று தனி அணிகள் வைத்திருந்தன. குராய்டனில் குடியிருந்த ரயில்வேக்காரர் சதர்ன் ரயில்வே அணியில் இருந்திருந்தால், ஊர்ப் பட்டாலியன் பட்டியலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கிடைக்க மாட்டார். பதிவேட்டில் தொழில் என்ன என்று பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

வரலாற்றுச் சங்கத்துப் பெரியவர்களிடம் கேட்பதற்குக் காசு கிடையாது, ஆனால் சனிக்கிழமை மதியம் முழுக்கப் போய்விடும், தேநீர் மூன்று கோப்பை ஆகிவிடும். அவர்களில் ஒருவர்தான் எனக்கு ஊரிலிருந்த எல்.டி.வி. காவல் நிலை எங்கே இருந்தது என்று காட்டினார். தேவாலயக் கோபுரம். அதன் மேலே நின்றுதான் இரவெல்லாம் வானத்தில் பாராசூட் தெரிகிறதா என்று பார்த்தார்களாம்.

## ஆளுக்குப் பணம் கொடுத்துவிட்டால்?

நாலோடு சேராத ஐந்தாவது. சொல்லப்போனால் இது வழியே இல்லை, மேலே சொன்ன நாலையும் உங்களுக்காக இன்னொருவர் செய்வது. தேசிய ஆவணக் காப்பகமே தனியார் ஆராய்ச்சியாளர்களின் பட்டியல் வைத்திருக்கிறது. மணிக்கு 25 முதல் 40 பவுண்டு வரை கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து, இந்தப் படிவத்தை எடுத்துப் படமெடுத்து அனுப்புங்கள் என்றால் நியாயமான செலவு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விமான டிக்கெட்டைவிட எவ்வளவோ மேல். "இந்தப் பட்டை யாருடையது, கண்டுபிடியுங்கள்" என்று திறந்த வாசலாகக் கொடுத்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், முடிவில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். மணிக்கணக்கை முன்பே எழுத்தில் கட்டிவிடுங்கள்.

## மூவருக்கும் நான் சொன்னது

குராய்டன்காரருக்கு: டப்பாவை முழுக்கக் காலி செய்து ஒவ்வொரு காகிதத்தையும் பாருங்கள், பிறகு நூலகத்துக்குப் போய் 1939 பதிவேட்டில் உங்கள் வீட்டு முகவரி. ஆண் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், வயதானவர்களையும் சேர்த்து. அந்தப் பட்டியலோடு கியூ. சந்தா எதுவும் இப்போது கட்ட வேண்டாம்.

கென்ட்டுக்காரருக்கு: மசி அசலா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அசல் என்று தோன்றினால், கார் பூட் சேல் நடந்த ஊரைச் சுற்றி அந்தப் பெயரில் எத்தனை பேர் என்று பதிவேட்டில் எண்ணுங்கள். மூன்று நாலு பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் படிவம் கேட்கலாம். முப்பது பேர் என்றால் நிறுத்திவிட்டு பத்திரிகைப் பக்கம் போங்கள். குடும்பத்தார் யாராவது தெரியவந்தால் தொலைபேசியில் திடுதிப்பென்று பேசாதீர்கள், ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். எல்லா வீட்டிலும் அப்பா, தாத்தா கதை இனிப்பாக இருக்காது.

கோயம்புத்தூர்க்காரருக்குச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. பெயர் இல்லை, ஊர் இல்லை, விற்றவர் வாய் திறக்கவில்லை என்றால் எந்தக் காப்பகமும் உதவாது, ஒரு பவுண்டு கூடச் செலவழிக்காதீர்கள் என்றேன். நல்ல மாதிரி ஒன்று கையில் இருக்கிறது, 1940 கோடைக்காலத்தின் பத்து வாரம் அதில் இருக்கிறது, ஆள் இல்லை. விற்றவருக்கு மட்டும் இன்னொரு மின்னஞ்சல் போட்டு, எந்த ஊர் வீட்டுச் சாமானோடு வந்தது என்று கேட்கச் சொன்னேன். ஊர் ஒன்று கிடைத்தால் மறுபடி பேசலாம்.

என்னுடையதா? அப்பாவின் படிவம் கேட்டதில் இறப்புச் சான்று எதுவும் தேவைப்படவில்லை, 1883-இல் பிறந்தவராயிற்றே. சேர்ந்த தேதி 1940 ஜூன். கீழே கையெழுத்து. டபிள்யூ.வின் கடைசிக் கோடு கீழே நீண்டு, எலி வால் மாதிரி சுருண்டிருந்தது. நிரூபணம் என்று நீதிமன்றத்தில் வைத்தால் சிரிப்பார்கள். நான் பட்டையைச் சுற்றி வைத்த அமிலமில்லாத காகிதத்தில் அவர் பெயரைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் "பெரும்பாலும்" என்று சேர்த்திருக்கிறேன்.